உருகி வழியும் கடியாரங்கள்

கடியாரம் ஓடும், நிற்கும், சில வீடுகளில் தலையில் குட்டும் வாங்கும். ஆனால் உருகுமோ?

ஸ்பெயின் தேசத்து ஓவியர் ஸால்வடார் டாலி 1931-ல் தீட்டிய சித்திரத்தில் உருகியிருக்கிறது! ஒரு கடியாரம் பட்ட மரத்தின் கிளையில் ஈரத் துண்டைப் போலத் தொங்குகிறது. இன்னொன்று மேடை விளிம்பில் வழிகிறது. அதன்மேல் ஓர் ஈ. மூன்றாவது, கண் மூடிக் கிடக்கும் முகம் போன்ற ஏதோ ஒன்றின் மீது சேணம்போல் படிந்திருக்கிறது. உருகாமல் கவிழ்ந்து கிடக்கும் நாலாவதை எறும்புகள் மொய்க்கின்றன. சித்திரத்துக்குப் பெயர், 'ஞாபகத்தின் நிலைபேறு'.

"சுத்தப் பைத்தியக்காரத்தனம்!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கடியாரங்களைச் சற்றே மறந்து, அவற்றைச் சுற்றியுள்ள காலி இடத்தைப் பாருங்கள்.

சாமான்களெல்லாம் இடப்புறத்திலும் நடுவிலுந்தான். வலப்புறத்தின் கீழ்ப்பகுதி வெறும் நிழல் படிந்த தரை. அங்கே தங்குவதற்கு ஒன்றும் இல்லாததால், நம் கண் விறுவிறுவென்று மேலே ஏறி, தொலைவில் வெயில் பட்டு மின்னும் பாறைகளில் போய் நிற்கிறது. அவை டாலி வாழ்ந்த கட்டலோனியாக் கடற்கரையின் பாறைகள். அடிவானத்தை உயரத்தில் வைத்து, நமக்கும் அதற்கும் நடுவே அகன்ற வெளியை விரித்துவிட்டார். சித்திரத்தின் நிஜ அளவோ உயரம் 24, அகலம் 33 சென்டிமீட்டர்தான்! அச்சுப் பிரதியை மட்டுமே கண்டிருந்த நான், ஆள் உயரம் இருக்கும் என்றல்லவா எண்ணியிருந்தேன்? 1934 முதல் அது நியூயார்க் நவீன கலை மியூஸியத்தில் இருக்கிறது.

ஒரு சின்னப் பரீட்சை. பாறைகளையும் கடலையும் உள்ளங்கையால் மறைத்துப் பாருங்கள். கடியாரங்கள் வெறும் வேடிக்கைப் படமாகிவிடும். கையை எடுங்கள், மறுபடியும் வயிற்றைக் கலக்கும். பாறையும் நிழலும் அத்தனை நிஜமாக இருப்பதால்தான், உருகும் கடியாரத்தையும் நம்பித் தொலைக்க வேண்டியிருக்கிறது. கனவிலும் அப்படித்தானே? நம் வீட்டுக் கூடமேதான். ஆனால் மூலையில் யானை நிற்கும். ஸர்ரியலிஸ ஓவியர்கள் தேடிப் போனது இந்தக் கனவு உலகத்தைத்தான்.

டாலியின் சுயசரிதையும் இதற்குச் சாட்சி. காட்சியை முதலில் எழுதி வைத்துவிட்டு, அதில் எதைப் போடுவதென்று தெரியாமல் இருந்தாராம். ஒரு நாள் இரவு, பின்னாளில் அவருக்கு மனைவியான காலா சினிமாவுக்குப் போயிருந்தாள். தலைவலியோடு தனியே இருந்தவர், சாப்பாட்டில் வந்த குழைந்த பாலாடைக் கட்டியைப் பற்றி யோசித்தார். பிறந்தன கடியாரங்கள்! மேடை தயாராகக் காத்திருந்தது. நடிகர்கள் பிறகுதான் வந்தார்கள்.

1954-ல் இதே காட்சியை வேறு விதமாகத் தீட்டி முடித்தார். அதில் தரை செங்கல் செங்கலாகப் பிரிந்து மிதக்கிறது. கடல் போர்வையைப் போலத் தூக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. கடியாரங்கள் இதிலும் தொங்குகின்றன. கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைவில்லை. ஆனால் முதல் சித்திரத்தைப் பார்த்தபோது உண்டான கிலி, எனக்கு இதில் உண்டாகவில்லை.