"ஆய்வு சொல்கிறது" என்றால் நாம் என்ன கேட்க வேண்டும்?

கொவிட்டால் மரணித்தவர்களை அடக்கினால் நிலத்தடி நீர் மாசடையும் என்றார்கள். 2020 ஏப்ரலில் வர்த்தமானி மூலம் எரிப்பு கட்டாயமானது. பிறந்து 20 நாட்களே ஆன பாலகனின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடி மஜ்மா நகரில் நல்லடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிணற்று நீர் குடித்து வளர்ந்த நமக்கும் தண்ணீர் மீது அக்கறை உண்டு. ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று மட்டுமே கேட்டோம். அதே கேள்வியை மருத்துவச் சஞ்சிகைகளில் அச்சாகும் ஆய்வுகளிடமும் கேட்க வேண்டும்.

2020 மே 22இல் உலகப் புகழ்பெற்ற 'லான்செட்' சஞ்சிகை ஓர் ஆய்வை வெளியிட்டது. 671 வைத்தியசாலைகள், 96,032 நோயாளர்கள். ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மருந்து பெற்ற கொவிட் நோயாளர்களிடையே மரணம் அதிகம் என்றது அது. உலக சுகாதார ஸ்தாபனம் அம்மருந்து பற்றிய தனது பரிசோதனையை உடனே இடைநிறுத்தியது.

ஆனால் எண்களைக் கூட்டிப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். ஏப்ரல் 21 வரை அவுஸ்திரேலியாவின் ஐந்து வைத்தியசாலைகளில் 73 மரணங்கள் என்றது ஆய்வு. அத்திகதியில் அந்நாடு முழுவதிலும் பதிவானவையே 67! மூலத் தரவைக் கேட்டபோது, அதைத் திரட்டியதாகச் சொன்ன நிறுவனம் கொடுக்கவில்லை. ஜூன் 4இல் கட்டுரை மீளப் பெறப்பட்டது.

தரவு உண்மையாக இருந்திருந்தாலும் இன்னொரு சிக்கல் இருந்தது. ஊர் வைத்தியசாலையில் சமாளிக்க முடியாதவர்களை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்புகிறோம். அங்கே மரணங்கள் அதிகம் என்றால், ஊர் வைத்தியசாலையே சிறந்தது என்போமா? அங்கு போனவர்களே கடும் நோயாளர்கள். அதுபோல, நோய் முற்றியவர்களுக்கே மருந்து கொடுத்திருந்தால், மரணத்துக்குக் காரணம் மருந்தா, நோயா?

இதற்கு வழி குலுக்கல் முறை. பிரித்தானியாவின் 'ரிகவரி' ஆய்வில் யாருக்கு மருந்து என்பதை வைத்தியர் தெரிவு செய்யவில்லை, குலுக்கலே தீர்மானித்தது. அதனால் இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். ஜூன் 5இல் முடிவு வந்தது. மருந்து பெற்ற 1,542 பேரில் 28 நாட்களுக்குள் மரணித்தோர் 25.7 வீதம், வழமையான சிகிச்சை மட்டும் பெற்ற 3,132 பேரில் 23.5 வீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. ஆனால் மருந்தால் பயனில்லை என்பது தெளிவானது. முறை சரியாக இருந்ததால் முடிவை நம்ப முடிந்தது.

எனவே நீரிழிவுக்கு அற்புத மருந்து என்று வட்ஸ்அப்பில் ஆய்வொன்று வந்தால், பகிர முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை பேர்? யாரோடு ஒப்பிட்டார்கள்? எப்படித் தெரிவு செய்தார்கள்? தரவை வேறு யாராவது சரிபார்த்தார்களா?

செய்தி வந்தால் தீர விசாரிக்குமாறு சூரா ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. விசாரிக்காத தீர்மானத்தின் விலை என்ன என்பது நமக்குத் தெரியும்.