தங்கவயலும் உலகச் சந்தையும்

கர்நாடக மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் அமைந்துள்ளது கோலார் தங்கவயல். வறண்ட மேட்டு நிலம். அருகில் பேராறும் இல்லை, துறைமுகமும் இல்லை. இத்தகைய இடத்தில் ஒரு நகரம் எழுந்ததற்குக் காரணம், பல்லாயிரம் கல் தொலைவிலிருந்த இலண்டனின் தேவையே ஆகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து முதலிய நாடுகள் தம் நாணயத்தின் மதிப்பைத் தங்கத்தைக் கொண்டே அளந்தன. ஆகவே, உலகெங்கும் தங்கம் தேடப்பட்டது. 1880இல் ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலேய நிறுவனம் கோலாரில் கால்பதித்தது. மூலதனம் இலண்டனிலிருந்து வந்தது; உழைப்போ அண்டை மாவட்டங்களிலிருந்து வந்தது. வடஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து நிலமற்ற தமிழ்க் குடும்பங்கள் பல இங்குக் குடியேறின. ஊரில் பஞ்சமும் சாதிக் கொடுமையும். சுரங்கத்தில் இருளும் வெப்பமும். அவர்கள் சுரங்கத்தையே தேர்ந்தனர்.

சுரங்கத்திற்கு இருப்புப்பாதை வந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பியிழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூரு நகரம் மின்விளக்கைக் கண்டது அதற்கு மூன்றாண்டுகள் கழித்தே! ஒரு வட்டாரத்தில் வசதிகள் எங்கு முதலில் செல்லும் என்பதை மக்கள்தொகை மட்டும் முடிவு செய்வதில்லை.

சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையே சுடும். திடீரெனப் பாறை வெடித்துச் சிதறியதால் உயிரிழந்தோர் பலர். ஆழம் கூடக்கூடச் செலவு கூடியது. தாதுவில் தங்கமோ குறைந்தது. நாடு விடுதலை பெற்றபின் சுரங்கம் அரசுடைமையானது. எனினும் உலகச் சந்தை விலைக்கு அது ஈடுகொடுக்க இயலவில்லை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே தங்கத்தின் விலை பன்மடங்கு ஏறியது. ஆனால், அதற்குள் சுரங்கப் பாதைகளில் நீர் நிறைந்துவிட்டது.

ஒருகாலத்தில் வேலை தேடி மக்கள் வந்த ஊர் அது. இன்று அங்குள்ளோர் பொழுது விடியுமுன் இரயிலேறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவுக்குச் செல்கின்றனர். மென்பொருள் ஏற்றுமதியால் வளர்ந்த அந்நகருக்குக் காவலரும், கட்டடத் தொழிலாளரும், கடைப் பணியாளரும் தேவைப்படுகின்றனர். இரவில் வீடு திரும்புவோரைத் தங்கம் பிரித்தபின் கொட்டிய மண்குன்றுகள் வரவேற்கின்றன. சயனைடு கலந்த அம்மண், காற்றடிக்கும் நாள்களில் வீடுகளுக்குள்ளும் படிகிறது. அதில் இன்னும் சிறிதளவு தங்கம் உண்டு. எனவே, குன்றுகளை மீண்டும் சலித்தெடுக்கும் பேச்சு அவ்வப்போது எழுகிறது.