சாய்ந்த பயிருக்கு அரிவாள்தான் கைகொடுக்கும்: வீட்டிலேயே தீட்டுவது எப்படி?

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பெய்த பருவம் தவறிய மழையை டெல்டா விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். அறுப்புக்குத் தயாராக நின்ற சம்பாவும் தாளடியும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சாய்ந்தன. பாதிப்புக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது தமிழக அரசு.

தண்ணீர் வடியாத வயலில் டயர் வண்டி இறங்காது. பெல்ட் வண்டி இறங்கினாலும், தரையோடு படுத்த கதிரை முழுதாக அள்ளாது. அங்கே மிஞ்சுவது ஆளும் அரிவாளும்தான். அந்த நேரத்தில், ஆண்டு முழுக்கப் பரணில் கிடந்த அரிவாள் மொண்ணையாக இருந்தால், தாளை அறுக்காமல் இழுக்கும். கதிர் உலுங்கி மணி கொட்டும். ஈர மண்ணில் தூர் வேரோடு வந்து, அரியில் சேறு ஏறும். அறுப்பவருக்கு மணிக்கட்டு வலி தனி. வேலை ஒரு நாள் தள்ளினால் சாய்ந்த கதிர் முளைக்கத் தொடங்கும்.

நெல் தாளில் சிலிக்கா என்ற மணல் சத்து அதிகம். அதனால்தான் புல் அறுப்பதைவிட நெல் அறுக்கும்போது அரிவாள் சீக்கிரம் மழுங்குகிறது.

எந்த அரிவாள்?

பனைமட்டைக் கருக்குபோல் பல் உள்ளது கருக்கரிவாள். போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் உருவாக்கிய 'நவீன்' அரிவாளும் பல் உள்ளதுதான். இவற்றை அடிக்கடி தீட்டத் தேவையில்லை. பல் வெட்டிய பக்கத்தைக் கல்லில் தேய்க்கவே கூடாது. மறுபக்கத்தை மட்டும் கல்லோடு படிய வைத்து இரண்டு, மூன்று முறை இழுக்கலாம். பல் தேய்ந்துவிட்டால், பட்டறையில் கொடுத்துக் கருக்கு வெட்டுவதுதான் வழி.

பல் இல்லாத வெற்று அரிவாளைத்தான் வீட்டில் தீட்ட வேண்டும்.

சவரக்கத்தி சொல்லும் பாடம்

களத்தில் நெல்லாகவே கூலி வாங்கிய ஊர் முடிதிருத்துநர்கள், சவரக்கத்தியைத் தாங்களே தீட்டிக்கொண்டார்கள். சவரக்கத்தியைக் கல்லில் படுக்க வைத்தால் முதுகும் முனையும் சேர்ந்து படியும். சாய்வு தானாகவே அமைந்துவிடும். அரிவாளுக்கு அந்த வசதி இல்லை. சாய்வைக் கைதான் பிடிக்க வேண்டும். அலகு இரண்டரை சென்டிமீட்டர் அகலம் என்றால், கல்லுக்கும் முதுகுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி போதும். தீட்டி முடிக்கும்வரை அந்தச் சாய்வு மாறக் கூடாது.

தீட்டும் முறை

1. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கார்போரண்டம் கல்லே போதும். இருபக்கக் கல்லில் ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். அரிவாள் உள்வளைவாக இருப்பதால் ஒடுக்கமான கல் நல்லது. கல்லைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள்.

2. அரிவாளைப் பலகையில் அசையாமல் பிடித்து, கல்லை நகர்த்துங்கள். பிடியோரத்தில் தொடங்கி நுனிவரை ஒரே சீராகப் போக வேண்டும். கல் பிடித்த விரல்கள் முனையைத் தாண்டி நீளக் கூடாது.

3. முனையோரம் ஸ்கெட்ச் பேனா மை பூசிவிட்டு இரண்டு தடவை தீட்டுங்கள். முனைவரை மை அழிந்தால் சாய்வு சரி. மேலே மட்டும் அழிந்தால் முதுகைக் கொஞ்சம் தூக்குங்கள்.

4. சிறிது நேரத்தில் மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும். முதுகிலிருந்து முனையை நோக்கி விரலை மெல்ல இழுத்தால் தட்டுப்படும். முனை நெடுகிலும் பிசிறு வந்த பிறகுதான் மறுபக்கம் தீட்ட வேண்டும்.

5. கடைசியாக நைஸ் பக்கத்தில் இருபுறமும் லேசாக இழுத்துப் பிசிறை எடுங்கள். சவரக்கத்தியை இதற்குப் பிறகு தோல்வாரில் இழுத்து வழவழப்பாக்குவார்கள். அரிவாளுக்கு அது வேண்டாம். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் தாளைக் கவ்வி அறுக்கும்.

பதம் பார்க்கக் கட்டைவிரல் வேண்டாம். ஒரு வைக்கோலை அறுத்துப் பாருங்கள். நசுங்காமல் அறுந்தால் போதும்.

சூடு ஆகாது

கரண்டில் ஓடும் சாணையில் அழுத்திப் பிடித்தால் முனை நீலம் பாய்ந்துவிடும். பட்டறையில் வைத்த தோய்ச்சல் அந்த இடத்தில் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் பதம் நிற்காது.

அறுப்பு முடிந்ததும் சேற்றைக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி வையுங்கள். மார்கழியிலேயே எடுத்து ஒருமுறை தீட்டிவிட்டால், தையில் மழை வந்தாலும் அரிவாளுக்காக வேலை நிற்காது.