ஊருக்குப் போகாத தீபாவளி

ரயில்வேயில் உத்தியோகம் பார்ப்பவனுக்கு ஊருக்குப் போவதில் என்ன செலவு என்று அன்பர்கள் பலர் கேட்பதுண்டு. பாஸ் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். கரக்பூரிலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து மயிலாடுதுறைக்கும் பயணச்சீட்டென்று நான் காசு கொடுப்பதில்லை. ஆனால் செலவு ரயிலில் இல்லை; ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான் இருக்கிறது. தாயாருக்குப் புடவை, தந்தையாருக்கு வேட்டி, தங்கைக்கும் அவள் கணவருக்கும், அண்ணன் குழந்தைகள் மூவருக்கும், பெரியம்மாவுக்கும் என்று எண்ணிக்கொண்டே போனால் பதினான்கு உருப்படிகள் ஆகிவிடும். வடக்கே சம்பாதிப்பவன் வெறுங்கையோடு வாசலில் வந்து நிற்கலாமா என்ற எண்ணம் நம்மில் யாரைத்தான் விட்டது?

2025ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் என் தந்தையார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சைக்கு நான் கடன் வாங்கவேண்டியதாயிற்று. மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்தம். பூஜைக்கு முன்னர் வந்த போனஸும் அந்தக் கடனுக்கே போயிற்று. ஆகவே அவ்வாண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போவதில்லை என்று நானும் என் மனைவியும் தீர்மானித்தோம். தாயாரிடம், விடுப்புக் கிடைக்கவில்லை என்று தொலைபேசியில் சொல்லிவிட்டேன். சொன்னது பொய். நான்கு நாள் விடுப்பு முன்னதாகவே எழுதி வாங்கியிருந்தேன்.

பண்டிகைக்கென்று 2,500 ரூபாய் எடுத்து வைத்தோம். பட்சணம், துணி, மத்தாப்பு, விளக்கு யாவும் அதற்குள் முடிய வேண்டும். கடையில் நெய்யினிப்பு இரண்டு கிலோ வாங்கினால் அதில் பாதி போய்விடும். எனவே வீட்டிலேயே செய்வதென்று என் மனைவி முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

புதிதாக வங்காளத்துக்கு வந்திருக்கும் குடும்பத்தார்க்கு ஒரு வார்த்தை. இங்கே கடையில் அரிசி என்று கேட்டால் பெரும்பாலும் புழுங்கலரிசியைத்தான் அளப்பார்கள். 'ஆதப் சால்' என்று கேட்டால்தான் பச்சரிசி கிடைக்கும். உளுத்தம்பருப்புக்கு 'பியூலிர் டால்' என்று பெயர். கோவிந்தபோக் என்னும் மணமுள்ள சிறு அரிசியும் பச்சரிசிதான். ஆயினும் அதன் விலைக்கு அது பாயசத்துக்கு ஒரு பிடி போடத்தான் ஏற்றது. முறுக்குக்குச் சாதாரண ஆதப்பே போதும்.

தேன்குழலுக்கு எங்கள் அளவு, நான்கு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு உளுத்தமாவு. அரிசியைக் கழுவி, நிழலில் துணியில் நன்றாக உலர்த்தி, உளுந்தைச் சிவக்காமல் வாசனை வரும்வரை வறுத்து, இரண்டையும் அரைத்துச் சலித்துக்கொள்ள வேண்டும். சீரகம், உப்பு, பெருங்காயத் தண்ணீர் சேர்த்து, வெண்ணெய்க்குப் பதிலாகக் காய்ந்த எண்ணெய் இரண்டு கரண்டி ஊற்றிப் பிசைந்தால் செலவு குறையும். கொழுப்பு அதிகமானால் முறுக்கு எண்ணெயிலேயே உதிர்ந்துவிடும். சிறிது மாவைக் கிள்ளிப் போட்டுப் பார்த்து, அது உடனே மேலே எழும்பினால் பிழியலாம். சலசலப்பு அடங்கியதும் எடுக்கலாம். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு பெரிய டப்பா நிறைந்தது. மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி, மறுபடி பொரிக்காமல், அந்த வாரத்துத் தாளிப்புக்கே தீர்த்துவிட்டோம்.

அதிரசத்தில்தான் சறுக்கியது. அதற்கு ஈரமாவு வேண்டும் என்பது என் மனைவிக்குத் தெரியாததன்று. ஊறவைத்து வடித்த அரிசியைத் துணியில் பரப்பி, கையில் ஒட்டும் ஈரம் இருக்கும்போதே இடிக்க வேண்டும். ஆனால் மாவு மில்காரர் ஈர அரிசியைத் தொடவே மறுத்துவிட்டார், இயந்திரம் அடைத்துக்கொள்ளுமாம். வேறு வழியின்றிக் கடையில் பாக்கெட் மாவை வாங்கிப் பாகில் கொட்டினோம். ஒரு கிலோ மாவுக்கு முக்கால் கிலோ வெல்லம். பாகு தண்ணீரில் விட்டால் உருண்டு திரளும் பதத்தில் சரியாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்துத் தட்டிப் போட்டால், எண்ணெயில் விழுந்த அதிரசம் மணல் வீடு போல் கலைந்தது. மூன்றாவதும் கலைந்ததும் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, "முக்கால் கிலோ வெல்லம்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு நாளும் கணக்குப் பார்த்துப் பார்த்துச் செய்தவள், அப்போதுதான் கண் கலங்கியதைக் கண்டேன்.

மாவை எறிய மனம் வரவில்லை. மறுநாள் காலையில் அதில் இரண்டு கிண்ணம் கோதுமை மாவும், கனிந்த வாழைப்பழம் மூன்றும், ஏலக்காயும் சேர்த்துத் தண்ணீர் விட்டு இட்லி மாவு போல் கரைத்தாள். அரைமணி நேரம் வைத்திருந்து, பணியாரக் குழியில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு ஊற்றினாள். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மெதுமெதுப்புமாக, அசல் நெய்யப்பம்! அதிரசத்தைக் காணாத குறை குழந்தைகளுக்குத் தோன்றவேயில்லை.

அடுத்த வீட்டு வங்காளத்து அம்மையார் இதையெல்லாம் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார் போலும். கோஜாகரி லக்ஷ்மி பூஜைக்கு அவர்கள் செய்யும் தேங்காய் 'நாடு' என்னும் உருண்டையைச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு தேங்காயைத் துருவி, துருவலின் எடையில் பாதியளவு வெல்லம் சேர்த்து, சிறுதீயில் விடாமல் கிளறினால், வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வரும். சூடு ஆறுமுன் உள்ளங்கையில் எண்ணெய் தடவி உருட்டிவிட வேண்டியதுதான். நெய்யில்லை, பொரிப்பதற்கு எண்ணெயில்லை, பாகுப் பதம் தவறும் அச்சமுமில்லை. நம் பூரணத்துக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம்.

துணி விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். மகளுக்கு, என் மனைவியின் ஓரம் நைந்த பட்டுப்புடவையிலிருந்து பாவாடை தைத்தோம். தையற்கூலி மட்டும்தான் செலவு. மகனுக்குப் பிறகு பள்ளிக்கும் உதவும் கால்சட்டை. அவனுக்குப் பட்டாசில்தான் மனத்தாங்கல். கம்பி மத்தாப்பு இரண்டு பெட்டியோடு நிறுத்திக்கொண்டதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அக்டோபர் 20 அன்றுதான் எங்களுக்குத் தீபாவளி, இவ்வூராருக்குக் காளி பூஜை. அதற்கு முந்திய மாலையில் வங்காளிகள் பதினான்கு அகல் விளக்கு ஏற்றி, பதினான்கு வகைக் கீரை சமைத்து உண்பது வழக்கம். அந்தப் பதினான்கு விளக்கையும் எந்தெந்த இடத்தில் வைப்பது என்ற பொறுப்பை அடுத்த வீட்டார் என் மகனிடமே ஒப்படைத்தார்கள். குளியலறைக் கதவருகே ஒன்று, தண்ணீர்க் குழாயடியில் ஒன்று என்று அலைந்து வைத்தவன், பட்டாசை மறந்தே போனான்.

இனி அந்தப் பொய்யின் கதை. எங்கள் அலுவலகத்துத் தமிழ் நண்பர் ஒருவர் பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு மயிலாடுதுறை வழியாகத் தம் ஊருக்குப் புறப்பட்டார். ஒரு டப்பாவில் பாதி முறுக்கும் பாதி தேங்காய் உருண்டையும் வைத்து, எங்கள் வீட்டில் சேர்க்கும்படி கொடுத்தனுப்பினோம். நல்ல மனிதர், சேர்த்துவிட்டார். கூடவே, "அவனுக்கும் நாலு நாள் லீவு இருக்கிறது அம்மா, ஏனோ வரவில்லை" என்று சொல்லியும் விட்டார்.

தீபாவளியன்று விடியற்காலை, எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்திருக்கையில் தாயார் கைப்பேசியில் வந்தார். வாழ்த்து ஒன்றும் சொல்லவில்லை. "ஏம்ப்பா, ஒரு புடவைக்காகவா நீ வராமல் இருந்தாய்?" என்றார். எனக்கு வாயடைத்துப்போயிற்று. "போன வருஷத்துப் புடவையே மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருக்கிறது. அப்பா முறுக்கை ஒடித்து ஒடித்துத் தின்கிறார். பல்லுக்கு மெத்தென்று இருக்கிறதாம். உன்னைப் பார்க்கவேண்டும் என்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்ப் போய் வருகிறார்." பிறகு என் மனைவியைக் கூப்பிட்டு அதிரசத்தின் கதையைக் கேட்டார். ஈர அரிசியைப் பிடி பிடியாக மிக்ஸியில் போட்டு அரைத்து, ஈரத்தோடேயே சலிக்கவேண்டும், மில்காரன் எதற்கு என்று சிரித்தார்.

அறுபது நாள் முன்பதிவு திறந்த அன்றே பொங்கலுக்கு இடம் பிடித்துவிட்டேன். ஜனவரியில் நால்வரும் போனோம். துணிமூட்டை இல்லை, என் மனைவி கிளறிய தேங்காய் உருண்டையும், தந்தையாருக்குக் காலுறை இரண்டு ஜோடியும் மட்டும் கொண்டுபோனோம். அண்ணன் குழந்தைகள் மூவரும் ரயிலடிக்கே வந்திருந்தார்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரியம்மா மட்டும் கேட்டார். அவரையும் ஓர் உருண்டை கொடுத்துச் சமாளித்தோம். திரும்பும்போது, அக்டோபரில் நாங்கள் அனுப்பிய அதே டப்பாவைத் தாயார் கழுவித் துடைத்து, அதிரசம் நிரப்பிக் கையில் கொடுத்தார். அவற்றில் ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை.