ஒற்றைக் கை வீரரும் மூடிய கதவும்

ஜனநாயகத்துக்காகப் போர் புரிவதாக ஒரு தேசம் உலகறியப் பிரகடனம் செய்யும்போது, அந்த ஜனநாயகம் அதன் சொந்த வீட்டில் எவ்வாறு நடைபெறுகிறது என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. இரண்டாவது உலக மகா யுத்தத்தின்போது அமெரிக்காவை நோக்கி இக்கேள்வி பல இடங்களிலிருந்து எழுந்தது. அவற்றுள் ஒன்று விளையாட்டு மைதானம். அரசியல் ஊழியர்கள் இதை வெறும் பொழுதுபோக்கு விஷயமென்று ஒதுக்கிவிடலாகாது. அமெரிக்கர்கள் தங்கள் தேசிய ஆட்டமென்று கொண்டாடும் பேஸ்பாலில், நலிந்த ஒரு கோஷ்டிக்கு யுத்த காலத்தில் வந்த வாழ்வையும் தாழ்வையும் ஆராய்ந்தால், அந்நாட்டின் மனச்சாட்சியையே ஆராய்ந்ததாகும்.

மிஸ்ஸூரி மாகாணத்தில் மிஸிஸிப்பி நதிக் கரையிலுள்ள ஸெயின்ட் லூயி நகரத்தில் 1902 முதல் ‘பிரௌன்ஸ்’ என்றொரு கோஷ்டி இருந்து வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆடியும் அது ஒருமுறையேனும் தன் லீகில் முதலிடம் பெற்றதில்லை. 1935-இல் அதன் சொந்த மைதானத்தில் அவ்வாண்டு முழுவதும் ஆட்டம் பார்க்க வந்தவர்கள் 80,922 பேர்தாம். அதாவது, ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் பேர். 1939-இல் 43 ஆட்டங்களில் ஜயித்து 111 ஆட்டங்களில் தோற்றது. அதே நகரில், அதே மைதானத்தில் ஆடிய ‘கார்டினல்ஸ்’ என்ற மற்றொரு கோஷ்டியிடமே ஜனங்களின் அபிமானமெல்லாம் சென்றுவிட்டது. வருவாய் குன்றிய பிரௌன்ஸ் கோஷ்டியை லாஸ் ஏஞ்செல்ஸ் நகருக்குக் கொண்டு போய்விட முதலாளி டொனால்டு பார்ன்ஸ் ஏற்பாடு செய்தார். லீகின் அனுமதிக்காக அவ்விஷயம் 1941 டிசம்பர் 8-ஆம் தேதி சிகாகோவில் விவாதத்துக்கு வர இருந்தது. அதற்கு முந்தைய நாள் ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தின்மீது குண்டு வீசின. யுத்தம் மூண்டது, யோசனையும் மடிந்தது.

யுத்த காலத்தில் பந்தாட்டம் தேவைதானா என்ற பிரச்னை எழுந்தபோது, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1942 ஜனவரி 15-ஆம் தேதி பேஸ்பால் கமிஷனர் லாண்டிஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். தொழிலாளர்கள் முன்னிலும் அதிக நேரம் உழைக்க வேண்டியிருக்குமாதலால் அவர்களுக்குக் களிப்பும் ஓய்வும் வேண்டும். ஆகவே ஆட்டம் நடக்கட்டும். ஆனால் படைக்குத் தகுந்த வயதுள்ள ஆட்டக்காரர்கள் படைக்குப் போகத்தான் வேண்டும் என்பதே அதன் சாரம். அவ்வாறே போனார்கள். யுத்தம் முடிவதற்குள் பெரிய லீகுகளைச் சேர்ந்த 500-க்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள் சீருடை அணிந்தனர். ரப்பர் பஞ்சத்தால் 1943-இல் பந்தின் உள்ளீட்டையே மாற்ற நேர்ந்தது. ரயில் பயணத்தைக் குறைப்பதற்காக, வெயிலை நாடித் தென்திசை செல்லும் வழக்கத்தைக் கோஷ்டிகள் விட்டன. பிரௌன்ஸும் தன் மாகாணத்திலேயே கேப் ஜிரார்டோ என்ற ஊரில் குளிரில் பயிற்சி செய்தது.

செல்வக் கோஷ்டிகளின் சிறந்த வீரர்கள் போர்முனைக்குப் போய்விடவே, ஏழைக் கோஷ்டிக்குக் காலம் பிறந்தது. படை டாக்டர்கள் தகுதியற்றவர்கள் என்று திருப்பி அனுப்பியவர்களும், வயது கடந்தவர்களும் நிறைந்த பிரௌன்ஸ், 1944-இல் முதல் ஒன்பது ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றது. செட் லாப்ஸ் என்பவர் யுத்தத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே, ஒழிந்த நேரத்தில் வந்து ஆடினார். டென்னி கேல்ஹவுஸ் என்ற பந்தெறிபவர் அக்ரன் நகரத்து விமானத் தொழிற்சாலையிலிருந்து ஞாயிறுதோறும் வந்து பந்தெறிந்து விட்டுத் திரும்புவார். கடைசி நாளாகிய அக்டோபர் 1-ஆம் தேதி காலையில் பிரௌன்ஸும் டிட்ராயிட் கோஷ்டியும் சமநிலையில் நின்றன. டிட்ராயிட் அன்று தோற்றது. பிரௌன்ஸோ, பேர்பெற்ற நியூயார்க் யாங்கீஸை 5-க்கு 2 என்று வென்றது. அந்த ஐந்தில் லாப்ஸின் இரண்டு பேரடிகளும் அடங்கும். இவ்விதம் தன் சரித்திரத்திலேயே முதன் முறையாக அது லீகின் முதலிடத்தைப் பெற்றது. உலகப் பந்தயத்தில் கார்டினல்ஸிடம் 2-க்கு 4 என்ற கணக்கில் தோற்றதெனினும், அதனால் அதன் பெருமை குன்றவில்லை.

1945-இல் அந்த வெற்றியைக் காத்துக்கொள்ளப் பிரௌன்ஸ் செய்த ஏற்பாட்டைத்தான் நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். மெம்பிஸ் நகரத்துச் சிறிய கோஷ்டியிலிருந்து 20,000 டாலர் கொடுத்துப் பீட் கிரே என்பவரை அது வாங்கியது. பென்ஸில்வேனியாவின் நிலக்கரிப் பிரதேசத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த கிரே, ஆறு வயதில் ஒரு விபத்தில் வலது கையை இழந்தவர். ஒற்றைக் கையால் மட்டையைச் சுழற்றினார். அதே கையின் உறையில் பந்தைப் பிடித்து, உறையைக் கை இழந்த தோளுக்கடியில் இடுக்கி, பந்தை மார்பின்மீது உருளவிட்டு, மீண்டும் அதே கையால் பற்றி எறிவார். இவையனைத்தும் இமைப்பொழுதில் நிகழும். 1944-இல் மெம்பிஸில் 68 முறை எதிரிகளை ஏமாற்றி அடுத்த தளத்துக்கு ஓடி, அந்த லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசையும் பெற்றிருந்தார்.

அவருடைய ஊக்கத்தை நாம் வணங்குகிறோம். போரில் கை கால் இழந்து ஆஸ்பத்திரிகளில் கிடந்த சிப்பாய்களுக்கு அவருடைய வரவு பெரும் ஆறுதலாயிற்று. ஆயினும் பெரிய லீகின் பந்தெறிபவர்கள் அவருடைய குறையைச் சீக்கிரத்தில் கண்டுகொண்டனர். சுழற்றத் தொடங்கிய மட்டையை ஒற்றைக் கையால் இடையில் நிறுத்த முடியாதென்று அறிந்து, வேகம் குறைந்த பந்துகளை எறிந்து அவரை ஏமாற்றினர். 77 ஆட்டங்களில் 234 முறை மட்டை பிடித்து அவர் வெற்றியாக அடித்தவை 51. அவர் பந்தைக் கைமாற்றும் சிறு இடைவெளியில் எதிரிகள் ஒரு தளம் அதிகமாக ஓடி விடுகிறார்கள் என்று சக ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தனர். டிக்கெட் விற்பனைக்காகவே அவரைக் கொண்டு வந்தார்கள் என்றும் சிலர் குறை கூறினர். 81 வெற்றி, 70 தோல்வியுடன் கோஷ்டி மூன்றாவது இடத்துக்கு இறங்கியது. செப்டம்பர் 30-ஆம் தேதி, போர்முனையிலிருந்து திரும்பிய ஹாங்க் கிரீன்பர்க் ஒரே அடியில் நான்கு ஓட்டங்கள் பெற்று, பிரௌன்ஸின் சொந்த மைதானத்திலேயே டிட்ராயிட்டுக்கு முதலிடத்தை வாங்கித் தந்தார்.

கிரே 1945 ஏப்ரல் 17-ஆம் தேதி முதன் முதலாகப் பெரிய லீகில் களமிறங்கினார். அதற்கு முந்தைய நாள் பாஸ்டன் நகரில் என்ன நடந்தது? ஜாக்கி ராபின்ஸன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ் என்ற மூன்று கறுப்பு வீரர்கள், ‘ரெட் ஸாக்ஸ்’ கோஷ்டியின் மைதானத்தில் பரீட்சைக்கு நின்றனர். நகரசபை அங்கத்தினர் ஒருவரின் வற்புறுத்தலால் பெயருக்கு நடந்த பரீட்சை அது. மூவரும் ஆடிக் காட்டினர்; வீடு திரும்பினர்; அதற்குப் பிறகு அவர்களுக்கு எந்த அழைப்பும் வரவில்லை. கறுப்பர்களைச் சேர்க்கக் கூடாதென்று விதி ஏதுமில்லை என்று கமிஷனர் லாண்டிஸ் 1942-இல் அறிவித்திருந்தார். விதி இல்லைதான். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய லீகுகளில் ஒரு கறுப்பரும் இல்லை. எழுதிய சட்டத்தை எதிர்த்து வாதாடலாம். எழுதாத சட்டத்தை எந்தக் கோர்ட்டில் எதிர்ப்பது? தீண்டாமையின் வழிகளைக் கண்ட நம்மவர்க்கு இத்தந்திரம் புதிதல்ல.

ஆள் பஞ்சத்தால் ‘சின்ஸினாட்டி ரெட்ஸ்’ கோஷ்டி 1944-இல் 15 வயதுச் சிறுவனைப் பந்தெறிய நிறுத்தியது. பிரௌன்ஸ் ஒரு கை இழந்தவரை ஏற்றது. ஆனால் ஸாச்செல் பெய்ஜ், ஜோஷ் கிப்ஸன் போன்ற பெரு வீரர்கள், இரண்டு கைகளும் குறைவற்றிருந்தும், ‘நீக்ரோ லீகுகள்’ என அந்நாளில் வழங்கிய தனி லீகுகளிலேயே ஆட வேண்டியிருந்தது. கை இல்லாதது மன்னிக்கத்தக்க குறை. நிறமோ மன்னிக்கத்தகாத குற்றம்! பிரௌன்ஸ் மைதானத்தில் 1944 வரை கறுப்பு ரஸிகர்களுக்குத் தனி இடமே ஒதுக்கப்பட்டிருந்தது. படையிலும் அவர்களுக்குத் தனிப் பிரிவுகள். போரில் காயமுற்றவர்களுக்காக அவர்கள் தானம் செய்த இரத்தம்கூடத் தனியே வைக்கப்பட்டது.

1945 செப்டம்பரில், நாஜிகள் ஆர்ப்பரித்த நூரெம்பர்க் நகரில், அமெரிக்கப் படையினர் தங்களுக்குள் பேஸ்பால் பந்தயம் நடத்தினர். வென்ற கோஷ்டியில் வெள்ளையரோடு லியான் டே, வில்லார்டு பிரௌன் என்ற கறுப்பர் இருவரும் ஆடினர். தோற்ற ஹிட்லரின் ஊரில் சாத்தியமானது, வென்றவர்களின் ஊரில் அன்றைக்குச் சாத்தியமாகவில்லை.

ஆயினும் கதவு திறந்தது. பாஸ்டனில் புறக்கணிக்கப்பட்ட ராபின்ஸன் 1947 ஏப்ரல் 15-ஆம் தேதி புரூக்லினுக்காகக் களமிறங்கி, அவ்வாண்டின் சிறந்த புதுவீரர் என்ற பரிசையும் பெற்றார். அவ்வாண்டு ஜூலையில் பிரௌன்ஸும் ஹாங்க் தாம்ப்ஸனையும், நூரெம்பர்க்கில் ஆடிய அதே வில்லார்டு பிரௌனையும் சேர்த்துக்கொண்டது. ஆனால், ஆகஸ்டு முடிவதற்குள் இருவரையும் விலக்கி விட்டது. பொறுமையின்றி விலக்கப்பட்ட அந்த வில்லார்டு பிரௌனுக்கு 2006-இல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை. பிரௌன்ஸ் கோஷ்டியோ அந்த 1947-இல் கடைசி இடத்தில் முடிந்தது. 1953-இன் ஆட்டங்கள் முடிந்ததும் பால்டிமோருக்கு விற்கப்பட்டு, பெயரையும் இழந்தது.

யுத்தம் தந்த சந்தர்ப்பத்தால் ஓர் ஏழைக் கோஷ்டி ஒருமுறை உச்சிக்கு ஏறியது. அதே சந்தர்ப்பம் அதன் வாசலில் வேறொரு வாய்ப்பையும் வைத்தது. திறமை ஒன்றையே நோக்கி வாசலைத் திறந்திருந்தால், நாட்டின் தலைசிறந்த வீரர்கள் அக்கோஷ்டிக்குக் கிடைத்திருப்பார்கள். வறுமையினும் வழக்கத்துக்கே அது அதிகமாக அஞ்சியது. தன் மக்களில் ஒரு பகுதியாரை வாசலுக்கு வெளியே நிறுத்தும் எந்தச் சமூகமும் முதலில் இழப்பது தன் சொந்த பலத்தையே. இந்த உண்மையை ஒரு பந்தாட்டக் கோஷ்டியின் கணக்கிலிருந்தாவது நாம் கற்றுக்கொள்வோமாக.