கழுத்தில் நெறியா? மாத்திரைக்கு முன் ஊசிப் பரிசோதனை

கோவையின் பழைய தெருக்களில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்னும் இருக்கின்றன. 1901 கணக்கெடுப்பில் இந்த நகரில் 53,080 பேர் வாழ்ந்தார்கள். 1911இல் அது 47,007ஆகக் குறைந்துவிட்டது. அந்த ஆண்டுகளில் பிளேக் திரும்பத் திரும்ப வந்தது. கடுங்காய்ச்சல் அடிக்கும், தொடை இடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டும். நெறி கட்டியவர்களில் பலர் பிழைக்கவில்லை என்பது அன்றைய மக்கள் கண்ணால் கண்ட உண்மை.

அந்த நெறிதான் நோயின் ரகசியத்தையும் சொன்னது. 1894இல் ஹாங்காங்கில், பிளேக்கில் இறந்தவர்களின் நெறிக்கட்டியிலிருந்து எடுத்த திரவத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துத்தான் அலெக்சாண்டர் யெர்சின் கிருமியைக் கண்டுபிடித்தார். பிளேக் கோவையை விட்டுப் போய்விட்டது. ஆனால் கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நேரே பார்க்கும் அந்த வழி, நெறி கட்டுகிற எல்லா நோய்களுக்கும் இன்றும் பொருந்தும். நம் ஊர்ப்பக்கம் பலர் அந்த வழிக்குக் கடைசியில்தான் வந்து சேர்கிறார்கள் என்பதே என் கவலை.

நெறி என்பது வீங்கிய நிணநீர்க் கணுதான். உடம்பில் ஏறக்குறைய அறுநூறு நிணநீர்க் கணுக்கள் உண்டு. ஒவ்வொன்றும் தன் சுற்றுவட்டாரத்துக்குக் காவல். காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது தோட்டத்து வேலை செய்கிற எவருக்கும் தெரியும். தலையில் பேனும் புண்ணும் இருக்கிற குழந்தைக்குப் பின்கழுத்தில் கட்டும். இடது கையில் பிசிஜி போட்ட பச்சைக் குழந்தைக்கு அந்தப் பக்கத்து அக்குளில் சிறிதாக வீங்கலாம். புகையிலை போடுகிறவருக்குத் தாடைக்குக் கீழே கல்லாட்டம் ஒன்று தட்டுப்பட்டால், முதலில் வாய்க்குள் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே தெரிகிற கணுவை எந்த வயதிலும் சாதாரணமாக விடக் கூடாது; நெஞ்சிலோ வயிற்றிலோ உள்ள புற்றுநோய் அங்கே வந்து தலைகாட்டுவதுண்டு.

"கழுத்துல உருண்டையாட்டம் இருக்குதுங்க டாக்டர், ஆனா வலியே இல்லீங்க." இப்படிச் சொல்கிறவர்கள் வலி இல்லாததையே நல்ல சேதியாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் தொண்டைப் புண்ணாலோ பல் சீழாலோ வீங்கும் கணுதான் தொட்டால் வலிக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் வற்றியும் விடும். வலிக்காமல், வற்றாமல், நாலு வாரம் தாண்டியும் நிற்கிற கட்டிதான் விசாரிக்கப்பட வேண்டியது.

விசாரித்தால் நம் நாட்டில் அடிக்கடி வெளிப்படுவது காசநோய். பெருந்துறையில் காசநோய்க்கென்றே சானடோரியம் நடந்தது. அந்தப் பகுதிக்குச் சானடோரியம் என்ற பெயர் இன்றும் நிற்கிறது. ஆனாலும் காசநோய் என்றால் இருமல், நெஞ்சு என்றுதான் நினைக்கிறோம். நுரையீரலுக்கு வெளியே அது அதிகம் பிடிப்பது நிணநீர்க் கணுக்களைத்தான். கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகும், பிறகு இளகும், சில சமயம் தோலைத் துளைத்துச் சீழ் வடியும். கணுவில் மட்டும் இருக்கும் காசநோய் அடுத்தவருக்குத் தொற்றாது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற வீடுகளில் நோயை மறைத்து, மருந்தைப் பாதியில் நிறுத்துகிறவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஊசிப் பரிசோதனை என்றதும் ஆபரேஷன் என்று பயப்படுகிறார்கள். படுக்க வைத்து, கட்டியை இரண்டு விரலுக்கு இடையில் பிடித்து, சாதாரண ஊசியைவிடத் தடிமன் இல்லாத ஒன்றை உள்ளே விட்டு முன்னும் பின்னுமாகச் சில முறை அசைக்கிறார்கள். வருவது ஒரு துளிதான். அதைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். மீதியை சிபிநாட் கருவியில் போட்டால் காசநோய்க் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு அடங்குமா என்பது சில மணி நேரத்தில் தெரியும்.

ஊசியில் தெளிவு கிடைக்காவிட்டால், நிணநீர்ப் புற்று என்ற சந்தேகம் இருந்தால், கணுவை முழுதாக எடுத்துப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய வித்தியாசம் செய்கிறது. எடுத்த கணு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும். பிறகு வளர்த்துப் பார்க்க வழியில்லை. ஒரு துண்டை உப்பு நீரில் தனியாக அனுப்பச் சொல்லி, அறுவைக்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

எனக்குப் பொறுக்காதது, பரிசோதனை எதுவும் இல்லாமல் ஸ்டீராய்டு கொடுப்பது. நிணநீர்ப் புற்றாக இருந்தால் ஸ்டீராய்டில் கட்டி கொஞ்ச நாள் கரையும். வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைவார்கள். அது திரும்ப வரும்போது மாதங்கள் போயிருக்கும், திசுவைப் பார்த்தாலும் குழப்பமாக இருக்கும். லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும் காசநோயை அரைகுறையாக அடக்கி, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும். "எதற்கும் இருக்கட்டும்" என்று காசநோய் மாத்திரையை ஆரம்பித்துவிடுவதும் இதே தவறுதான்.

காசநோய் உறுதியானால் சிகிச்சை பெரும்பாலும் ஆறு மாதம். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். மருந்து சாப்பிடும்போதே சிலருக்குக் கட்டி பெரிதாகலாம், புதிதாகவும் ஒன்று தோன்றலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் வீட்டு அம்மிச்சிக்கோ பிள்ளைக்கோ நாலு வாரமாக ஒரு கட்டி வற்றாமல் இருந்தால், மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்க வேண்டாம். எடை குறைகிறதா, சாயங்காலக் காய்ச்சல் வருகிறதா, இரவில் வேர்த்துக் கொட்டுகிறதா என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மாத்திரைச் சீட்டை வாங்கும் முன், "ஊசி டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாங்களா?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.