பக்கத்து வயல் பருத்தியைக் காக்கும் காற்றுக் கணக்கு

மக்காச்சோளத்தில் அகன்ற இலைக் களைகளை ஒழிக்க 2,4-டி களைக்கொல்லி தெளிக்கும் விவசாயிகள், அருகில் பருத்தி இருந்தால் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இம்மருந்து சிறிதளவு பட்டாலும் பருத்தியின் இளம் இலைகள் விரல்போல் குறுகிச் சுருங்கும். மகசூல் குறையும்.

"காற்று மேற்கிலிருந்துதானே வீசுகிறது; வடக்கே உள்ள பருத்திக்கு என்ன ஆகும்?" என்று எண்ணித் தெளிப்பவர்கள் உண்டு. காற்று நேர் மேற்கிலிருந்து வருகிறதா, சற்றுத் தெற்கே சாய்ந்து வருகிறதா என்று பார்ப்பது அவசியம்.

இரண்டு பங்குகள்

சாய்ந்து வீசும் காற்றை இரண்டு பங்காகப் பிரிக்கலாம். ஒன்று மேற்கிலிருந்து கிழக்கே செல்வது. மற்றது தெற்கிலிருந்து வடக்கே செல்வது. சில வானிலைக் கணிப்புகளில் காற்றை இப்படியே இரண்டு எண்களாகத் தருகிறார்கள். எண்ணுக்கு முன் கழித்தல் குறி இருந்தால் அந்தப் பங்கு எதிர்த்திசையில் வீசுகிறது என்று பொருள்.

உதாரணமாக, மேற்கிலிருந்து மணிக்கு 8 கி.மீ., தெற்கிலிருந்து 6 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி 14 என்று சொல்லக்கூடாது. 8-ஐ 8-ஆல் பெருக்கினால் 64. 6-ஐ 6-ஆல் பெருக்கினால் 36. கூட்டினால் 100. இதன் வர்க்கமூலம் 10. எனவே காற்றின் உண்மையான வேகம் மணிக்கு 10 கி.மீ.

கணக்கு வராதவர்கள் கட்டமிட்ட தாளில் வலப்புறமாக 8 செ.மீ., அங்கிருந்து மேலே 6 செ.மீ. கோடு இழுக்கவும். தொடங்கிய இடத்தையும் முடிந்த இடத்தையும் சேர்த்து அளந்தால் 10 செ.மீ. இருக்கும். தாளின் மேற்பக்கத்தை வடக்காகக் கொண்டால், அந்தச் சாய்ந்த கோடே காற்று செல்லும் வழி.

திசை

வாடை வடக்கிலிருந்தும் தென்றல் தெற்கிலிருந்தும் வருவது போல, காற்றுக்கு அது புறப்படும் திசையை வைத்தே பெயர். வானிலை அறிக்கைகளிலும் அப்படியே. வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் கிழக்கு 90 டிகிரி, தெற்கு 180, மேற்கு 270. மேற்சொன்ன காற்று ஏறக்குறைய 233 டிகிரி. அதாவது தென்மேற்குக் காற்று.

பருத்திக்கு என்ன ஆகும்?

வடக்கே உள்ள பருத்தியை நோக்கி மணிக்கு 6 கி.மீ. பங்கு வீசுகிறது. இது நிமிடத்துக்கு 100 மீட்டர். மிக நுண்ணிய துளி தரையில் விழுவதற்குள் 10 விநாடி மிதந்தால், வரப்பைத் தாண்டி வடக்கே சுமார் 17 மீட்டர் போய்விடும்.

வடகிழக்குக் காற்று வீசும் நாளில் இரு பங்குகளும் கழித்தல் குறியுடன் வரும். மேற்குப் பங்கு -3, தெற்குப் பங்கு -4 என்றால் வேகம் 5 கி.மீ. அப்போது துளிகள் தென்மேற்கே போகும். வடக்கே உள்ள பருத்திக்குப் பயமில்லை. ஆனால் தென்மேற்கே யாருடைய பயிர் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை

தெளிக்குமுன் சிறிது மண்ணைத் தூவிக் காற்றின் திசையைச் சரிபார்க்கவும். பருத்தியை நோக்கிக் காற்றின் பங்கு இருந்தால் தெளிப்பதைத் தள்ளிப்போடவும். களை முற்றுமுன் தெளித்தாக வேண்டும் என்றால், பருத்தியை ஒட்டிய பகுதியைத் தெளிக்காமல் விட்டுக் கைக்களை எடுக்கவும். முனையைத் தாழ்த்திப் பிடித்து, பெரிய துளிகளாக விழும்படி தெளிக்கவும். 2,4-டி தெளித்த தெளிப்பானைப் பருத்திக்குப் பயன்படுத்தவே கூடாது.